அகழான் தின்றவன்

மச்சான்,

இன்று காலை படுவான்கரையில் தோணியை விட்டு இறங்கியதும் வைக்கோல் புகை மணத்தது. வரம்பில் வளை கண்டு யாரோ புகை போடுகிறார்கள். நேரே கடைக்கு வந்துவிட்டேன். எழுத்து எனக்குத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கடைக்காரத் தம்பி எழுதுகிறான்.

அப்போது சண்டைக் காலம். கூப்பன் அரிசி ஒரு நேரக் கஞ்சிக்கும் காணாது. அறுவடைக்கு வயலோரம் வாடிக் குடில் போட்டுக் குடும்பத்தோடு இந்தக் கரையில்தான் கிடந்தோம். அறுத்த வயலில் வரம்புக்குள் குடியிருக்கும் அகழானின் வளையை வெட்டினால், அது சேர்த்துவைத்த கதிரும் நமக்கு, அதுவும் நமக்கு. மயிர் பொசுக்கி, மிளகு போட்டு உன் பெண்சாதி ஆக்குவாள். முதல் துண்டு எப்போதும் உன் மகளுக்கு.

அதை எலி என்று யாரும் சொன்னால் நீ பொறுக்கமாட்டாய். "எலி கூரைக்குள்ள கிடந்து கண்டதையும் தின்னும். அகழான் நெல்லைத் தவிர வேற ஒண்டும் தொடாது" என்பாய். ஊருக்கும் அதே எண்ணம்தான். எலி தின்றவன் வீட்டில் ஒருவரும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அகழான் தின்றவனுக்கு அந்தக் குறை இல்லை.

ஒருநாள் வயல்களை மேற்பார்க்கும் வட்டை விதானை வரம்பில் நின்று கத்தினார்: "எலிக்குப் பாஷாணம் வெச்சிரிக்கி. ஒருத்தரும் புடிச்சித் தின்னாதீங்க!"

நீ சிரித்தாய். "எலிய ஆருகா தின்னுற? இவர்ர வீட்டுலயா?"

"அவருக்கு எல்லாம் எலிதான் மச்சான். அகழானையும் சேர்த்துத்தான் சொல்றார்" என்றேன்.

"அப்ப நான் எலி தின்னியா? நீயும் சொல்லு!"

மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வளை வெட்டப் போனாய்.

அன்று உன் மகள் காய்ச்சலில் வாய் திறக்கவில்லை. தாய் அவளை மடியில் வைத்தபடி சாப்பிடாமல் இருந்தாள். நீ மட்டும் தின்றாய். பொழுது சாயமுன்னம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாய். ஆஸ்பத்திரிக்கு வாவி கடக்கவேண்டும். தோணியில் உன் தலை என் மடியில். தண்ணீர் கேட்டாய், தந்தேன், தங்கவில்லை. நடு வாவியில் உன் கை குளிர்ந்தது.

ஊர் சொன்னது, "எலி தின்டு செத்தான்" என்று. எத்தனை பேரோடு சண்டை பிடித்திருப்பேன்!

போன கிழமை உன் மகள் கேட்டாள்: "மாமா, எங்கட அப்பா எலி தின்டா செத்தவர்?"

"இல்ல புள்ள, அகழான்."

"ரெண்டும் ஒண்டுதானே மாமா?"

நீ அப்படி நினைத்திருந்தால் விதானை சொல் கேட்டு, உயிரோடு இருந்து அவளை வளர்த்தெடுத்திருப்பாய். ஆனாலும் 'ஓம்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை, மச்சான்.