கிடைத்த இடம்: கரூர்

சிட்லபாக்கம்,
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் ஜெஃப்ரிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் கர்த்தர் கிருபையால் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை, நீங்கள் மூன்று பேராவது ஹாலிஃபாக்ஸ் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வைத்துவிடுகிறேன், அதனால்தான் பேப்பரை எடுத்தேன். ஏரித் தண்ணீர் நம் தெருவை விட்டு வடிந்துவிட்டது, மோட்டார் போயிற்று, அப்பாவுக்கு முட்டிவலி, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

எதிர்வீட்டு சத்யநாராயணன் அங்கிள் கடலில் போனது உனக்குத் தெரியும், எப்படி என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. புயல் ஓய்ந்தால் கடல் மணலை வாரிக்கொண்டு போகும், அடியில் கிடக்கும் பழங்காசு மேலே வரும் என்று மாமல்லபுரத்துக் கரையோரம் தேடப் போவது அவர் வழக்கம். மறைமலை நகர் கம்பெனியில் ரிட்டயரான பிறகு ஒரு புயலை விட்டதில்லை. கடல் இன்னும் அடங்கலை, போகாதீங்க சார் என்று கேட்டில் நின்று கத்தினேன், மனுஷன் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போய்விட்டார். அலை இழுத்துக்கொண்டு போய்ச் சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் ஒதுக்கியது. சட்டைப்பையில், பட்டன் போட்டபடி, சின்ன பிளாஸ்டிக் கவரில் ஒரு வெண்கலக் காசு இருந்தது, போலீஸ்காரர்கள் அதை அவர் மனைவி சுபத்ராவிடம் கொடுத்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான், கடல் அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் ஆளை எடுத்துக்கொண்டது என்று. அவளும் அதையே பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள், ஒரு வாய் சாப்பிட்டாள்.

காரியம் முடிந்ததும் காசை என்னிடம் கொண்டுவந்தாள். "இது யார் காசு, எந்த ஊரு, எல்லாம் எழுதிக் குடுங்க டீச்சர், அவர் படத்துக்குக் கீழே வைக்கணும்" என்றாள். பழங்காசு சேர்க்கிற நானும் அங்கிளும் காசு பார்க்கிற விதம் உனக்குத் தெரியும், மேஜை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, தேய்ந்த மேட்டுக்கு நிழல் விழும்வரை சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும். புளியங்கொட்டை அளவுதான். ஒரு பக்கம் ராஜா தலை, பேர் தேய்ந்துவிட்டது. மறுபக்கம் இறக்கை வைத்த வெற்றி தேவதை ஒரு கைதியைத் தரையோடு இழுத்துப் போகிறாள். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ரோமக் காசு, அதில் சந்தேகமே இல்லை. அப்புறம்தான் ராஜாவின் மோவாய்க்குக் கீழே அந்தக் கீறலைப் பார்த்தேன். நான் முள்ளால் அழுக்கெடுக்கும்போது கை தவறிப் போட்ட கீறல் அது. கரூர் ஆற்றுமணலில் கிடைத்த காசு, அங்கிளின் அறுபதாம் கல்யாணத்துக்கு நானே கொடுத்தது. சுபத்ராவுக்குக் காசெல்லாம் ஒன்றுபோலத்தான், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மணலில் கிடைப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க மனுஷன் கையோடு எடுத்துப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

காசோடு வைக்கிற சீட்டில் ராஜா, சின்னம், கிடைத்த இடம் என்று மூன்று வரி. கடைசி வரியில் மாமல்லபுரம் என்று எழுதியிருக்கலாம். எழுத வரவில்லையடா. கிடைத்த ஊரைப் பொய்யாக எழுதினால் அந்தக் காசே பொய் என்று அங்கிளோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன். கரூர் என்று எழுதி நீட்டினேன், வாயால் முதலில் பக்குவமாகச் சொல்வோம் என்ற புத்திகூட இல்லை. படித்துவிட்டு, "அவர் கரூருக்குப் போனதே இல்லையே டீச்சர்" என்றாள். சொன்னேன். "அப்ப கடல் ஒண்ணும் குடுக்கலை. எடுத்துக்கிச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிக் காசை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள். அதிலிருந்து அவள் வீட்டு ஜன்னல் திறக்கவில்லை. உன் அப்பாவோ, உன் சீட்டுக்குப் பரலோகத்தில் மார்க் போடப்போகிறார்களா என்று கேட்கிறார். கேட்கட்டும், எனக்கு மட்டும் நெஞ்சில்லையா. சண்டை போட ஆளில்லாமல் இந்த மேஜையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நேற்று, இரண்டு வீட்டிலும் வேலை செய்கிற ஆஷா அங்கிளின் காசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், கூடவே ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. சார் கடல்கிட்ட எடுத்ததை மட்டும் டப்பாவில் போட்டுத் தரணுமாம், மீதி வேணாமாம், அக்கா சொன்னாங்க என்றாள். அவர் காசெல்லாம் நான் பார்த்துச் சொன்னவைதான், ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் விளக்கைச் சாய்த்து ஒன்று விடாமல் பார்த்தேன். கடையில் வாங்கியது, ஏலத்தில் எடுத்தது, நான் கொடுத்தது. அத்தனை வருஷம், அத்தனை புயல், கடலில் எடுத்தது ஒன்றுகூட இல்லை ஜெஃப்ரி. நாளைக்கு ஆஷா வந்து கேட்பாள். டப்பா காலியாக என் முன்னால் இருக்கிறது, என்ன செய்யட்டும், நீயே சொல்லு.

கர்த்தருடைய கை உங்கள் மூவர் மேலும் இருக்கட்டும். குழந்தை ஜோவிதாவைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனால் அவள் கையை விட்டுவிடாதே.

உன் அம்மா,
ரத்தினபாய்