டிரைவர்தான் கட்டினார்

பிப்ரவரி 2, திங்கள்

அலுவலகத்திலிருந்து ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது. சூட்கேஸ் அளவுதான். இனிமேல் தடுப்பூசி மருந்தை ஐஸ் கட்டியில் புதைத்துக்கொண்டு, அது உருகுவதற்குள் கடைசி ஊருக்கு ஓட வேண்டியதில்லை. ஒரே சிக்கல், ஜீப்பின் பேட்டரியிலேயே ஃப்ரிட்ஜ் ஓடினால், மலையடியில் மூன்று மணி நேரம் ஊசி போட்டுவிட்டு வரும்போது வண்டி கிளம்பாது. கூடுதலாக ஒரு பேட்டரி வேண்டும். இன்ஜின் பக்கம் இடமில்லை. ஓடாமல் நிற்கும் ஆம்புலன்ஸிலிருந்து ஒன்றைக் கழற்றி, ஜீப்புக்குள்ளேயே வைக்கச் சொன்னேன்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "உள்ள வேணாம் டாக்டர். ஆசிட் ஊத்தின பேட்டரி இது. சார்ஜ் ஏறும்போது வாயு விடும், அது பத்திக்கிற வாயு. உள்ளதான் வெக்கணும்னா மூடின பேட்டரியா வாங்கணும். பெட்டி செஞ்சு தரையோட போல்ட் அடிக்கணும். வாயு வெளிய போக ஒரு குழாய், ஒயர்ல பியூஸ். நாலு நாள் குடுங்க."

நாளை மறுநாள் புறப்பாடு. நான்கு நாளாம்! "பேட்டரிக்கு வீடு கட்டிக் குடியேத்தணும்ங்கிறீங்க" என்றேன். சிஸ்டர் சிரித்தார். டிரைவர் அண்ணா சிரிக்கவில்லை.

"அவர் சொல்ற மாதிரியே செஞ்சுக்கலாமே டாக்டர்."

"இப்போதைக்குக் கயித்துல கட்டுங்கண்ணா. நான் சொல்றேன்ல? பொறுப்பு என்னோடது."

கட்டினார். பின்சீட்டுக்குக் கீழே, சிஸ்டர் கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில். நைலான் கயிறு, நாலு சுற்று.

பிப்ரவரி 4, புதன்

ஐந்து ஊர். எண்பத்தொரு குழந்தைகள். ஒரு மருந்துப் புட்டிகூட வீணாகவில்லை. ஃப்ரிட்ஜ் நான்கு டிகிரியில் அசையாமல் நின்றது. யாராவது பாராட்டினால் தேவலை போல இருந்தது.

பிப்ரவரி 11, புதன்

புழுதி. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டுத்தான் போனோம். ஏற்றத்தில் சிஸ்டர், "டாக்டர், அழுகின முட்டை வாடை வருதே" என்றார். "உங்க டிபன் பாக்ஸைத் திறந்து பாருங்க சிஸ்டர்" என்றேன். எல்லோரும் சிரித்தோம், அண்ணாகூட.

திரும்பும்போது சிஸ்டருக்குத் தலைவலி, கண்ணில் நீர். ஒரு பாராசிட்டமால் கொடுத்தேன்.

வாடை எனக்கும் வந்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

மெக்கானிக் போன் செய்தார். எடுக்கவில்லை. முகாம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 18, புதன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காய்ந்த ஆற்றுப் படுகையில் இறங்கினோம். எப்போதும் இறங்கும் இடம்தான். இடது முன்சக்கரம் குழியில் விழுந்து வண்டி சாய்ந்தது. கவிழவில்லை, சாய்ந்தது, அவ்வளவுதான். பின்னால் ஏதோ கனமாக உருண்டது. கயிற்றிலிருந்து பேட்டரி நழுவிக் கவிழ்ந்து, சிஸ்டரின் வலது காலில் ஆசிட் கொட்டியது. பேட்டரியின் முனை சீட்டின் இரும்புக் காலில் பட்டு நீலமாகத் தீப்பொறி வெட்டியது. கயிறு புகைந்தது.

சிஸ்டர் கத்தவில்லை. "டாக்டர், டாக்டர்" என்று சின்னக் குரலில் கூப்பிட்டார்.

அண்ணா பின்கதவைத் திறந்து அவரைத் தூக்கி மணலில் போட்டார். சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய், ஸ்பானரால் ஒயரைக் கழற்றினார். வெளியே வந்தபோது அவர் உள்ளங்கை வெந்திருந்தது. அந்த வாயு பற்றியிருந்தால்? உள்ளே அவர் இருந்தாரே.

நான் சிஸ்டரின் உடையைக் கத்தரித்து, நான்கு கேன் குடிநீரையும் அந்தக் காலில் ஊற்றினேன். தீர்ந்ததும் சலைன் பாட்டில்கள், ஒவ்வொன்றாக, எல்லாம். ஆஸ்பத்திரியில், "சரியா செஞ்சிருக்கீங்க, இல்லேன்னா எலும்பு வரைக்கும் போயிருக்கும்" என்றார்கள்.

சரியாச் செஞ்சேனாம். நல்லாச் செஞ்சேன்.

பிப்ரவரி 19, வியாழன்

மேலதிகாரி காலையில் போன் செய்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். சொன்னேன். "பேட்டரியை யார் கட்டினது?" என்றார்.

"டிரைவர்தான் கட்டினார் சார்."

பொய்யில்லை. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. மறுமுனையில் அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. யார் கட்டச் சொன்னது என்று அடுத்துக் கேட்பார், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. காத்திருந்தேன் என்பதாவது உண்மையா? தெரியவில்லை. போனை வைத்ததும் மூச்சு விட்டேன், அது மட்டும் தெரியும்.

பிப்ரவரி 20, வெள்ளி

அண்ணாவைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். கட்டுப் போட்ட கையால் கையெழுத்துப் போட்டாராம். விசாரணையில், உங்கள் தரப்பில் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, "நான்தான் கட்டினேன்" என்று மட்டும் சொன்னாராம். கிளார்க் என்னிடம் சொல்லிவிட்டு, "பாவம், ஆனா இவ்வளவு அஜாக்கிரதை ஆகுமா டாக்டர்?" என்றார்.

தலையாட்டினேன். ஐயோ. தலையை ஆட்டினேனே.

பிப்ரவரி 22, ஞாயிறு

கணவரிடம் பாதி சொன்னேன். "அவர்தானே கட்டினார்?" என்றார். ஆமாம் என்றேன். "அப்புறம் உனக்கென்ன?" என்று பேப்பரைப் புரட்டினார்.

எனக்கென்ன?

பிப்ரவரி 24, செவ்வாய்

சிஸ்டரைப் பார்க்கப் போனேன். முழங்காலிலிருந்து பாதம் வரை கட்டு. வெள்ளிக்கிழமை தொடைத் தோலை எடுத்து ஒட்டப் போகிறார்கள். கட்டிலுக்கு அடியில் அவருடைய அம்மா கொண்டுவந்த செருப்பு, இரண்டு காலுக்கும்.

பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதை எங்கே வைப்பது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "அண்ணா கட்டினாருன்னு மட்டும் சொன்னீங்களாமே டாக்டர்?"

பழப் பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டேன்.

"பொறுப்பு என்னோடதுன்னு நீங்க சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்குக் காலுதான் வெந்துச்சு. காது நல்லாத்தான் இருக்கு."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து வெளியே போனார். அந்த முட்டை வாடையைப் பற்றிச் சொன்னேன். எனக்கும் அன்று வந்தது, அது பேட்டரியின் வாயு என்று தெரிந்திருக்க வேண்டியவள் நான், கண்ணாடியை இறக்கச் சொல்லாமல் உங்களைக் கேலி செய்து மாத்திரை கொடுத்தேன் என்று.

"தெரியும்" என்றார். "எனக்கே தோணுச்சு. டாக்டரே சிரிக்கிறாங்களே, ஒண்ணுமில்லன்னு விட்டுட்டேன்."

என்னை நம்பியிருக்கிறார். அதுதான் அவர் செய்த ஒரே தப்பு.

பிப்ரவரி 25, புதன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று முறை கிழித்தேன். முதல் தாளில் 'அவசரச் சூழலைக் கருதி' என்று இருந்தது. என்ன அவசரம்? இரண்டாவதில் 'போதிய தொழில்நுட்ப அறிவு இல்லாத காரணத்தால்'. மெக்கானிக் ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னாரே. கடைசித் தாளில் நடந்ததை மட்டும் எழுதினேன். வண்டிக்குள் பேட்டரி வைக்கக் கூடாது என்று மெக்கானிக் சொன்னார். டிரைவரும் சொன்னார். நான் கேட்கவில்லை. கயிற்றில் கட்டச் சொன்னது நான். வாடை வந்தும் வண்டியை நிறுத்தாதது நான்.

அரைப் பக்கம்கூட வரவில்லை. ஆறு நாள் ஆயிற்று இதை எழுத.

பிப்ரவரி 26, வியாழன்

அண்ணாவின் வீடு. போகாமல் இருந்துவிடலாமா என்று வழியெல்லாம் நினைத்தேன். அவர் மனைவி கதவில் கை வைத்தபடி நின்றார். கடிதம் கொடுத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க பொய் ஒண்ணும் சொல்லலையே டாக்டர். அவர்தானே கட்டினார்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அறைந்திருந்தால் பரவாயில்லை.

உள்ளிருந்து அண்ணாவின் குரல். "உள்ள வரச் சொல்லு."

தண்ணீர் கொடுத்தார், இடது கையால். வலது கை இன்னும் மடங்கவில்லை. ஏன் விசாரணையில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

காலித் தம்ளரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

மார்ச் 9, திங்கள்

மெமோ வந்தது. ஊதிய உயர்வு ஓராண்டு நிறுத்தம், முகாம் பொறுப்பிலிருந்து நீக்கம். ஊசி போட மட்டும் போகலாம். அண்ணாவை மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். இனி காலையில் வண்டியைப் பார்த்து டிரைவர் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி வாசலைத் தாண்டும் என்று புது உத்தரவு. கிளார்க் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார்.

தண்டனை குறைவுதான் என்று பட்டது.

மார்ச் 17, செவ்வாய்

மெக்கானிக் கடைக்கு நானே போனேன். மூடின பேட்டரி, இரும்புப் பெட்டி, நாலு போல்ட், தரையைத் துளைத்து வெளியே போகும் குழாய், பியூஸ். நான்கு நாள் கேட்டவர் மூன்றே நாளில் முடித்திருக்கிறார். சொல்லிக் காட்டுவார் என்று நின்றேன். பெட்டியை ஒரு உதை உதைத்து, "இப்ப உருட்டிப் பாருங்க" என்றார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 8, புதன்

அண்ணாவும் சிஸ்டரும் வேலைக்குத் திரும்பிய பிறகு முதல் புறப்பாடு. சிஸ்டர் கொஞ்சம் தாங்கித்தான் நடக்கிறார். "நான் முன்னாடி உக்காந்துக்கறேன்" என்று யாரையும் கேட்காமல் ஏறினார். நான் பின்சீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில்.

ஏழு மணிக்கு அண்ணா பெட்டியை ஆட்டிப் பார்த்தார். கையெழுத்துப் போடாமல் பேனாவைப் பையில் செருகினார். "ஒரு போல்ட் லூஸா இருக்கு. மரை தேஞ்சு போச்சு. மெக்கானிக் வராம வண்டி கிளம்பாது." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். மலையடியில் முப்பத்திரண்டு குழந்தைகள். ஒரு போல்ட்தானே, மூன்று இருக்கிறதே — நாக்கு நுனி வரை வந்தது. இத்தனைக்குப் பிறகும் வருகிறது. விழுங்கிக்கொண்டு, அந்த ஊருக்குப் போன் செய்து தாமதமாகும் என்று சொன்னேன்.

போய்ச் சேர மதியம் பன்னிரண்டு. மரத்தடியில் கூட்டம், எல்லாக் குழந்தையும் அழுகிறது. ஒரு அம்மா நேராக அண்ணாவிடம் போனாள். "எவ்வளவு நேரம்ங்க புள்ளைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது? வண்டிய ஒழுங்கா ஓட்டத் தெரியாதா?"

அண்ணா ஃப்ரிட்ஜை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அவரைத் திட்டாதீங்கம்மா" என்றேன். "வண்டி சரியில்ல. போகக் கூடாதுன்னு அவர் நிறுத்தினதுதான் சரி."

அவள் என் பக்கம் திரும்பினாள். குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "அப்படின்னா இதையெல்லாம் முன்னாடியே பாத்து வெச்சிருக்க வேண்டாமா?"

சிஸ்டர் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வெச்சிருக்கணும்மா" என்றேன்.

அவள் குழந்தையின் தொடையைத் துடைத்து, முதல் ஊசியைப் போட்டேன்.