பாராசூட் ராணியை விற்றேன்

மார்ச் 3, செவ்வாய்

பல் செட் செய்யும் லேபில் இன்று மூன்று செட். மூன்றாவதில் முன்பல்லின் நிறம் பொருந்தவில்லை என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். மெழுகை மறுபடி உருக்கி, பல்லை மறுபடி பதித்து – தோள்பட்டை கழன்று விழும்போல இருக்கிறது. அதற்குப் பிறகு வீட்டுக்கு மூன்று மாடி ஏற வேண்டும்.

வீட்டுக்காரர் அதே நாற்காலியில், ஜன்னலைப் பார்த்தபடி.

"சாப்பிட்டீங்களா?"

"ஆமா."

தட்டு மூடியது மூடியபடியே இருந்தது.

பக்கவாதம் வந்து பத்து மாதம். கால் பாதி தேறிவிட்டது. பேச்சில் மிச்சம் இந்த ஒரு "ஆமா"தான். வேண்டும் என்றாலும் அதுதான், வேண்டாம் என்றாலும் அதுதான். நான் முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் புரிந்துகொள்கிறேன். இன்றைக்கு முகத்தைப் பார்க்கவும் தெம்பில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வந்தாள். என் வேலையிடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு பார்த்திருக்கிறாள்.

"தரைத்தளம். வாசல்ல ஒரு படிகூடக் கிடையாது. இதவிட என்னடி வேணும்?"

உண்மைதான். பத்து மாதத்தில் இவர் தெருவில் இறங்கியது ஆஸ்பத்திரிக்குப் போகத்தான், அதுவும் இரண்டு ஆட்கள் நாற்காலியோடு தூக்கி. ஆனால் அங்கே ஒரே அறை, ஒரு சமையலறை. அக்கா உள்ளறையை எட்டிப் பார்த்தாள். சுவர் முழுக்க என் காமிக்ஸ்.

"இத எங்க கொண்டுபோய் வைப்ப? வித்துடு. முன்பணத்துக்கும் ஆச்சு."

நான் அறைக் கதவைச் சாத்தினேன்.

"காகிதம்தானேடி."

ஒன்பது வயதில் ஆரம்பித்தது. மற்றதெல்லாம் போகட்டும், 'பாராசூட் ராணி' இருநூற்று நாற்பது இதழும் என்னிடம் இருக்கிறது. கடைசியாகக் கிடைத்த இதழை ஒரு முடிதிருத்தும் கடையில், காத்திருப்பவர்கள் புரட்டும் குப்பையிலிருந்து கெஞ்சி வாங்கினேன். அப்போது எனக்கு நாற்பத்து நாலு வயது. கல்யாணமாகி வந்தபோது இரண்டு பெட்டி – ஒன்றில் துணி, ஒன்றில் இது. இவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்: "என் பொண்டாட்டி வரும்போதே பாராசூட்டோட வந்திருக்கா. எப்ப குதிப்பாளோ தெரியல."

அக்கா போனதும் கேட்டேன். "வித்துடட்டுமாங்க?"

"ஆமா."

சரி என்று எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

விளம்பரம் போட்டேன். மதியத்துக்குள் ஒருவர் கூப்பிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாராம். ஞாயிறு வருகிறார். இவ்வளவு சீக்கிரம் யாரும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 12, வியாழன்

நன்றாக மாட்டிக்கொண்டேன்.

பேச்சுப் பயிற்சி மேடம் வந்திருந்தார். செய்தித்தாள் இவருக்கு ஒத்து வரவில்லை, வரி நீளம், எழுத்து பொடி. "சின்னச் சின்ன வரியா, பெரிய எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல் உள்ளே போய் ஒரு பாராசூட் ராணியை எடுத்து வந்தேன். விரல் வைத்துக் காட்டினார். இவர் வாயைக் கோணிக்கொண்டு, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க –

"ட... டமால்."

மேடம் கைதட்டினார். "இதுதாங்க சரி. ஒரு கட்டத்துல நாலு வார்த்தைக்கு மேல கிடையாது, கூடவே படம். தினமும் ரெண்டு பக்கம் படிக்க வைங்க."

இத்தனை வருஷம் கேலி பண்ணின மனுஷன் குழந்தை மாதிரி அடுத்த பக்கத்தைத் திருப்புகிறார். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மார்ச் 15, ஞாயிறு

கண்ணாடிக்கடைக்காரர் வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டார். ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தார். வீட்டில் இதற்கென்றே குளிரூட்டிய அறை வைத்திருக்கிறாராம், ஒவ்வோர் இதழுக்கும் தனித்தனி உறையாம்.

"நீங்க படிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"படிச்சா தேஞ்சுடுமே மேடம்."

நல்ல மனிதர்தான். கேட்ட விலைக்குக் குறைத்துப் பேசவில்லை. "பத்து மட்டும் நான் வெச்சுக்கட்டுமா?" என்றதற்கு இல்லையென்று தலையாட்டினார். "ஒண்ணு குறைஞ்சாலும் எனக்கு வேணாம். முழு வரிசைங்கறதாலதான் இந்த விலை."

29ஆம் தேதி வண்டியோடு வருகிறார். முதல் தேதிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

மார்ச் 18, புதன்

சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இவர் திடீரென்று மின்விசிறியைக் காட்டி, "இன்ஜினை நிறுத்து!" என்றார். பாராசூட் ராணியில் வரும் வசனம். குளிர்கிறதாம்! நிறுத்திவிட்டு வந்து சிரித்தேன் பார், புரையேறிவிட்டது. இவரும் சிரித்தார், ஒரு பக்க வாயால்.

மார்ச் 22, ஞாயிறு

இரண்டு இதழை நகல் எடுத்து வந்தேன். பழைய மஞ்சள் தாள் என்பதால் நகலில் எல்லாம் கரி பூசினதுபோல் விழுந்திருக்கிறது. இவர் ஒரு பக்கம் பார்த்தார், தரையில் போட்டார். போனில் படம் பிடித்துக் காட்டினேன். இடது கை விரல் பட்டுப் பட்டு பக்கம் ஓடிப் போகிறது. அதையும் தள்ளிவிட்டார்.

வேறு வழியே இல்லையா என்று அக்காவிடம் கேட்டேன். "இருக்கு. அவர் இன்னும் பத்து வருஷம் மூணாவது மாடியிலயே உக்காந்திருக்கட்டும்," என்றாள். அவள் வாயில் எப்போதும் இப்படித்தான் வரும். ஆனால் தவறில்லை.

மார்ச் 29, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரரும் வண்டி ஓட்டுபவரும் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். இவர் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியும் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசிப் பெட்டி நாற்காலியைத் தாண்டும்போது இடது கையை அதன் மேல் வைத்தார்.

"வே..."

நாங்கள் எல்லோரும் நின்றுவிட்டோம்.

"வே... வேணாம்."

தெளிவாக. பத்து மாதத்தில் முதல் தடவையாக ஒரு வேணாம், சரியான இடத்தில். கண்ணாடிக்கடைக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "மேடம், சார் வேணாம்ங்கிறாரே."

நான் சொன்னேன்: "அவருக்கு ஆமாவுக்கும் வேணாமுக்கும் வித்தியாசம் தெரியாதுங்க. நீங்க எடுத்துட்டுப் போங்க."

அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து நான்தான் எடுத்துவிட்டேன்.

மார்ச் 30, திங்கள்

நல்லா தெரிஞ்சுதான் சொன்னேன். அந்த ஆளுக்கு முன்னாடி, இவர் காதுபட.

ஏப்ரல் 5, ஞாயிறு

குடிவந்தாயிற்று. சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு வாடை. அக்கா கட்டில் போட்டுக் கொடுத்தாள். அலமாரிக்கு இங்கே இடமும் இல்லை, வைக்கப் பொருளும் இல்லை. பழைய வீட்டிலேயே விட்டு வந்தோம்.

இவர் பேசி ஒரு வாரம் ஆகிறது. "ஆமா"கூடக் கிடையாது. மேடம் கேட்டால் வாயை இறுக்கிக்கொள்கிறார்.

ஏப்ரல் 9, வியாழன்

வாசல் பக்கம் நாற்காலியைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். போட்டேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இதற்கு மேல் தாங்காது என்று காலையிலேயே அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நீங்க வேணாம்னு சொன்னது எனக்கு நல்லாவே புரிஞ்சுதுங்க. புரிஞ்சுதான் குடுத்தேன். உங்களுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு சொன்னது பொய். வேற எப்படி அனுப்பறதுன்னு தெரியல. தப்புதான்."

என் கண்ணை நேராகப் பார்த்தார். பிறகு,

"ஆமா."

இந்த ஆமாவுக்கு முகத்தைப் பார்த்து அர்த்தம் தேட வேண்டியிருக்கவில்லை. தப்புதான் என்று சொன்னேன், ஆமா என்றுவிட்டார். நெஞ்சில் குத்தியது. ஆனாலும் பன்னிரண்டு மணி நேரம் தூங்கி எழுந்ததுபோல உடம்பு லேசாகிவிட்டது. அழுதுகொண்டே பாத்திரம் தேய்த்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

கோலைப் பிடித்துக்கொண்டு மூன்று கடை தள்ளி வரைக்கும் போகிறார். நான் கூடவே போனேன். எதிரில் சைக்கிள் கடை. நின்றார். பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"சைக்... கிள். பழுது. பார்... பார்க்கப்படும்."

கடைக்காரர் ஸ்பானரும் கையுமாக எட்டிப் பார்த்தார். "என்ன சார், சைக்கிள் எங்க?" என்றார். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்தது தையல் கடை, அடுத்தது மருந்துக் கடை. "அவசரம்", "வாகனம் நிறுத்தாதீர்". வீடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. எனக்குக் கால் கடுத்துவிட்டது, அவருக்கு இல்லை.

மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். "தெரு முழுக்கப் படிக்கச் சொல்லுங்க," என்று பதில் வந்தது.

மே 3, ஞாயிறு

கண்ணாடிக்கடைக்காரர் போட்டோ அனுப்பியிருக்கிறார். வரிசையாக, உறையில், விளக்கு போட்டு. அழகாகத்தான் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தப்பட்டவர்களைப் பார்க்கிற மாதிரியும் இருக்கிறது. நன்றி என்று எழுதிப் போட்டேன். இவரிடம் காட்டவில்லை. எனக்கே இரண்டாவது தடவை பார்க்கத் தெம்பு வரவில்லை.

மே 12, செவ்வாய்

மத்தியானம் மேல்தாடை செட் ஒன்றுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வீட்டு எண். விழுந்துவிட்டாரோ என்று பிளாஸ்டர் தூசி படிந்த கையோடு எடுத்தேன்.

"நா... நான்தான்."

"என்னாச்சுங்க? விழுந்துட்டீங்களா?"

"சோப்பு... தீர்ந்துடுச்சு. வரும்போது... வாங்கிட்டு வா."

"சரிங்க," என்றேன். வைத்துவிட்டார். மெஷின் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. முதலாளி வந்து, "ஏம்மா, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். இல்லை, சோப்பு தீர்ந்துவிட்டதாம் என்றேன். அதற்கு ஏன் அழுகிறாய் என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு சோப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். குளியலறையில் போன வாரம் பிரித்த சோப்பு அப்படியே இருக்கிறது, பாதிகூடக் கரையவில்லை.

"இருக்கே! எதுக்குங்க தீர்ந்துடுச்சுன்னு சொன்னீங்க?"

வாசல் நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"சும்மா."