மூன்றாம் வளைவில் மஞ்சள் கார்

மார்ச் 2

கொட்டாஞ்சேனை கிளப்பில் இன்றும் என் ஸ்லொட் கார் மூன்றாம் வளைவில் தடத்தைவிட்டுப் பறந்தது. போன வருடக் கப் என்னிடம்தான் இருக்கிறது. இந்த வருடமும் வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

என்னோடு ஓடிய எவ்லினின் மஞ்சள் கார் அதே வளைவில் வேகம் குறையாமல் போனது. கார் உள்ளங்கையளவு. தடத்தில் கீறிய பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். வேகம் மட்டும்தான் நம் கையில்; சாயாமல் நிற்பது அடியில் இருக்கும் சட்டமான செசியின் பாடு. என்ன செசி அது! எரிச்சலாகவும் இருந்தது.

மார்ச் 3

செசி வளைவதுதான் குற்றம் என்று முடிவு கட்டினேன். மோட்டர் ஆடாமல் பசை போட்டேன். கடும் ஸ்பிரிங் மாற்றி, ஸ்குரூ எல்லாவற்றையும் முட்ட இறுக்கினேன்.

மனைவி மிதுனா எட்டிப் பார்த்தாள். "பிரஷர் பாக்கப் போங்கோ எண்டா நேரமில்லை. விளையாட்டுக் காருக்கு ஒப்பரேஷனோ?"

மார்ச் 9

போச்சு. தடப் பலகைகள் பொருந்துற இடமெல்லாம் துள்ளுது. சனியன்! இப்பிடி இறுக்கி வைச்சால் துள்ளாமல் என்ன செய்யும்? அறிவு கெட்டவன் நான்.

எவ்லின் என் காரைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். "என்ன ராகுலன், மேல்கூட்டை இப்படியா பூட்டுறது? ஸ்குரூவை அரைச்சுத்து லூசா விடுங்க. ஸ்பிரிங்கையும் மெல்லிசா போடுங்க. மேல்கூடு ஆடினா ஆடட்டும், நாலு சில்லும் தரையில இருந்தா போதும்."

கப்புக்குப் போட்டியாக நிற்பவனிடம் போய் இதைச் சொல்கிறாள். எனக்கென்றால் மனம் வந்திராது.

மார்ச் 10

அரைச்சுற்றுப் போதாதென்று இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். மேல்கூடு சில்லில் உரசுகிறது. பேராசை.

மார்ச் 16

பசையைச் சுரண்டினேன். மெல்லிய ஸ்பிரிங். ஸ்குரூ அரைச்சுற்று, அவள் சொன்னபடியே. மூன்றாம் வளைவில் தரையோடு ஒட்டிக்கொண்டு போனது! மெல்லத் தோள் குலுக்கிவிட்டுப் போன மாதிரி. இதை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள்?

மார்ச் 23

இறுதிப் போட்டி. முதல் குழுவில் நான். நன்றாகவே ஓடினேன். கணக்கெழுதும் முர்ஷித், குறித்த நேரத்தில் நான் ஓடிய சுற்றுகளைப் பலகையில் எழுதினான். முந்துவதென்றால் இரண்டாம் குழுவிலுள்ள எவ்லின் மட்டும்தான்.

ஓடி முடித்தவர்கள் வளைவுகளில் நின்று, விழுந்த கார்களைத் தூக்கி வைக்க வேண்டும். அது கிளப் வழக்கம். எனக்கு மூன்றாம் வளைவு.

கடைசி நேரத்தில் வேறொரு கார் இடித்து, மஞ்சள் கார் என் காலடியில் விழுந்தது. கையில் எடுத்தபோது மேல்கூடு லேசாக ஆடியது. பள்ளத்தில் வைத்தேன். போய்விட்டது.

ஒரு சுற்றால் ஜெயித்தாள்.

மார்ச் 24

"கொஞ்சம் மெதுவா எடுத்து வைச்சிருக்கலாமே?" என்று மிதுனா கேட்டாள். ஓம், வைச்சிருக்கலாம். அந்த நேரம் அது தோன்றவே இல்லை.

கப் நின்ற இடத்தில் பிரஷர் குளிசைகளை வைத்துவிட்டாள்.

மாலை எவ்லின் எனக்குப் போன் எடுத்தாள். "மூணாம் வளைவுல நின்னு 'போ, போ'ன்னு கத்தினது யாரு? நான் நின்ன இடம் வரைக்கும் கேட்டுச்சு."

நான்தான்.