தட்டிவிட்ட டம்ளர்

என்னங்க, இன்றைக்கு மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதையை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் முந்தானையை எடுத்துப் பொத்திக்கொண்டேன். நீங்கள் போய் இத்தனை வருஷமாகியும் அந்தப் பயம் மட்டும் என்னைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நாம் கோவில்பட்டிக்குக் குடிவந்த கொஞ்ச நாளில், பிள்ளை இல்லையே என்று பார்க்கப் போனதில், உங்களுக்கு விந்தில் உயிரணு கம்மி என்று டாக்டர் சொன்னார். நீங்களோ கல்லூரி ஆய்வுக்கூடத்தில், அதைக் கூட்டும் என்கிற பூனைக்காலி விதைப்பொடியை ஆண் எலிகளுக்குக் கொடுத்து, எந்த அளவுக்குமேல் போனால் கெடுதல் என்று பார்த்துக்கொண்டிருந்தவர். சோதனை முடியும்முன்பே வீட்டில் அதைப் பாலில் கலந்து குடிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். கேட்டால், "ஏட்டி, மூலிகைதான. ஒண்ணும் செய்யாது" என்பீர்கள். படித்த மனுஷர் சொல்கிறாரே என்று நானும் நம்பிவிட்டேன்.

ஒரு சாயங்காலம், கூடுதலாகக் கொடுத்த எலிகள் தீனி தொடாமல் சுருண்டு கிடக்கின்றன என்று சொல்லிக்கொண்டே டம்ளரைக் கலக்கினீர்கள்.

"எலிக்கு வந்தது உங்களுக்கு வராதா? புத்தி எங்க போச்சு?"

"நான் குடிக்கது கொஞ்சந்தான்."

"அப்பம் நானும் குடிக்கேன்" என்று டம்ளரைப் பிடுங்கி ஒரு வாய் குடித்துவிட்டேன்.

ஆத்தாடி, உங்கள் முகம் போன போக்கு! டம்ளரைத் தட்டிவிட்டீர்கள். பால் சுவரெல்லாம் தெறித்தது. "துப்பு ஏட்டி, துப்பு! என்ன செய்யும்னு எனக்கே தெரியாது!"

தெரியாதாம். அத்தனை நாளும் தெரியாமல்தான் குடித்திருக்கிறீர்கள். உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பிள்ளை வேண்டாம், நீங்க இருந்தா போதும்" என்று அழுதேன். அப்புறம் நீங்கள் அதைத் தொடவில்லை. ஆனாலும் நீங்கள் சோறு வேண்டாம் என்றாலே எனக்கு அந்த எலிகள்தான் ஞாபகத்துக்கு வரும். பல வருஷம் கழித்து மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனபோதும், அந்தப் பொடிதானோ என்று டாக்டரைக் கேட்டேன். இல்லம்மா என்றார். இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை.

இன்றைக்குக் கடையில் நம் அடுத்த வீட்டுத் தம்பி நின்றான். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. பொட்டலத்தைப் பிரித்து அங்கனயே ஒரு சிட்டிகைப் பொடியை வாயில் போடப் போனான். "என்னது தம்பி?" என்றேன்.

"மூலிகைதான அத்தை. ஒண்ணும் செய்யாது."

பட்டென்று அவன் கையைத் தட்டிவிட்டேன். பொடி தரையெல்லாம் சிதறியது. "என்ன செய்யும்னு தெரியுமாலே உனக்கு?" கடைக்கார அண்ணாச்சி உலக்கையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். டாக்டரிடம் கேட்காமல் தொடாதே என்று அவனை அனுப்பிவிட்டு வந்தேன்.

வீட்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. நான் கத்தியது, அன்றைக்கு நீங்கள் கத்திய அதே கத்தல்.