அத்தான் மாற்றச் சொன்ன பிரேக்

அக்கா,

வீட்டுக்கு வந்து காரை நிறுத்திய பிறகும் அந்த வாடை போகவில்லை. ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகினாற்போல மூக்கில் ஏறும் வாடை. பக்கத்து வீட்டில் எதையோ கொளுத்துகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இறங்கி முன்பக்கம் வந்தபோது இடது சக்கரத்திலிருந்து அனல் அடித்தது. கையை அருகில் கொண்டுபோக முடியவில்லை. அத்தானைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போய், நாள் முழுக்கக் காத்திருந்து திரும்பிய களைப்பு. அந்தச் சக்கரத்துக்கு முன்னால் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டேன். "அக்கா, கார்ல என்னமோ வாடை வருது" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

இந்தக் கார் எப்போதுமே உன்னுடையது. பத்து பெரிங்கியில் கடலோர ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தபோது நீயே பார்த்து வாங்கியது. அப்போது நல்ல பச்சை நிறம். இப்போது மேல்பக்கம் வெளிறிப்போய்விட்டது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல் என்று வளைந்து வளைந்து போகும் அந்தச் சாலையில் தினமும் போய் வந்தாய். நான் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாய்: "வளைவுக்குள்ள போயிட்டு பிரேக் போடாத. முன்னாடியே போட்டுட்டு மெதுவா உள்ள போ." அத்தானிடம் லைசென்ஸ் இருந்தும் நீ சாவியைக் கொடுக்கவே மாட்டாய். வழியில் போகும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள்காரனோடும் அவர் சண்டை பிடிப்பார் என்பது உன் குற்றச்சாட்டு. அது உண்மையும்கூட.

அவர் என்னோடும் சண்டை பிடித்தார். நானும் சளைத்தவன் இல்லை. சுங்கை பாக்காப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போன நாள் உனக்கு மறந்திருக்காது. எந்தச் சந்தியில் திரும்புவது என்பதில் ஆரம்பித்து, நான் ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதுவரை போய்விட்டோம். நீ செம்பனைத் தோட்டத்து ஓரமாகக் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தாய்.

"ரெண்டு பேரும் இறங்குங்க. சண்டைய வெளிய முடிச்சிட்டு ஏறுங்க. நான் ரோட்டப் பாக்கணும்."

பட்டு வேட்டியோடு அவரும், இஸ்திரி போட்ட சட்டையோடு நானும் சாலையோரம் நின்றோம். வெகுநேரம் கழித்து அத்தான், "வெயில் ஜாஸ்தி" என்றார். நான் "ஆமா" என்றேன். பிறகு ஏறிக்கொண்டோம். கல்யாண மண்டபம் வரும்வரை நீ உனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தாய்.

உங்கள் வீட்டில் நான் வந்து தங்கியது வேலை மாற்றலாகி வந்தபோது. வேறு இடம் பார்க்கும்வரை என்றுதான் வந்தேன். நீ இடம் பார்க்க விடவில்லை. அவரும் ஆட்சேபிக்கவில்லை. நீ இருந்தவரை நானும் அவரும் நேராகப் பேச வேண்டிய தேவையே வரவில்லை. "தம்பிக்கு உடம்பு சரியில்லையாம், டிவிய கொஞ்சம் குறைங்க." "அத்தான் இன்னிக்கு மீன் வேணாங்குறார்டா." ஹோட்டலில் செய்யும் அதே வேலையைத்தான் வீட்டிலும் செய்கிறேன், இந்த லைனை அந்த லைனில் கொடுக்கிறேன் என்று நீயே சொல்லிச் சிரிப்பாய்.

நீ போன பிறகு வீடு எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. சாப்பாட்டுக்குப் பொட்டலம் வாங்கினோம். ஆளுக்கு ஒரு நேரத்தில் சாப்பிட்டோம். அச்சகத்தில் எழுத்தெழுத்தாகப் பிழை பார்த்து ஓய்ந்த அவருடைய கண்கள், இந்த ஒரு வருடத்தில் இன்னும் மோசமாகிவிட்டன. கண்ணுக்குள் அழுத்தம் என்கிறார் டாக்டர். ஓரங்கள் இருட்டிக்கொண்டே வருகின்றன. மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது, காத்திருப்பது, மருந்து வாங்குவது, திரும்புவது. நாங்கள் சேர்ந்து செய்தது அவ்வளவுதான். அதிலும் பேச்சு இல்லை.

அதனால்தான் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். சுங்கை பாக்காப்பில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற என் பழைய சிநேகிதன், கடையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும், மேலே அறை இருக்கிறது, வந்துவிடு என்று பல மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். உன் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்ததும் கிளம்புவதாக அவனிடம் சொன்னேன். அத்தானிடமும் சொன்னேன். அவர் "ம்" என்றார். இத்தனை வருடத்துக்கு ஒரு "ம்"தானா என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

இந்த நிலையில்தான் சக்கரம் சூடேறியது. மறுநாள் காலை காரை மெல்ல உருட்டிக்கொண்டு ஜெலுத்தோங்கில் நீ வழக்கமாகப் போகும் பட்டறைக்குப் போனேன். அத்தானும் வருவேன் என்று ஏறிக்கொண்டார். மெக்கானிக் மணியம் இன்னும் அதை "அக்கா வண்டி" என்றுதான் சொல்கிறான். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றப் பார்த்தான். அது அசையவில்லை.

"சக்கரத்தப் பிடிச்சு நிறுத்துற கேலிப்பர் போயிருச்சுண்ணே. உள்ள இருக்கிற பிஸ்டன் துருப்பிடிச்சு மாட்டிக்கிச்சு. நீங்க கால எடுத்தாலும் இது பிடிச்ச பிடிய விடல. அதான் சூடு." வலது பக்கத்தையும் கழற்றிப் பார்த்தான். "இதுவும் தேஞ்சிருக்கு. மாத்தினா ரெண்டையும் மாத்தணும். இல்லன்னா பிரேக் போடுறப்ப வண்டி ஒரு பக்கமா இழுக்கும்."

பிறகு தயங்கினான். "விக்கிற எண்ணம் இருந்தா புதுசு வேணாம்ண்ணே. பழைய வண்டிய உடைச்சு விக்கிற கடையில ஒரு ஜோடி எடுத்துப் போட்டுடலாம். கொஞ்ச நாளைக்கு ஓடும்."

"புதுசு போடு. ரெண்டு பக்கமும்" என்றார் அத்தான்.

"அத்தான், யார் ஓட்டப் போறா? உங்களுக்குக் கண்ணு இப்படி. நான் இந்த மாசம் போயிடுவேன்."

"புதுசு போடுன்னேன்."

எனக்குக் கோபம் வந்தது, அக்கா. போகாதே என்று வாயைத் திறந்து சொல்லத் தெரியாத மனிதர், உன் காரைக் குறுக்கே நிறுத்தி வழியை மறிக்கிறார் என்று நினைத்தேன். இந்த வயதில், இந்தக் களைப்பில், அவரோடு மல்லுக்கட்டவும் தெம்பில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

சாமான் வர இரண்டொரு நாள் ஆகும் என்றான் மணியம். டாக்சி பிடித்துத் திரும்பினோம். வழியில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இறங்கி ஒரு நாசி கண்டார் கடையில் சோறும் குழம்பும் சாப்பிட்டோம். மத்தியானக் கூட்டம். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார வேண்டியதாயிற்று. அத்தான் விரலால் தட்டைத் தடவிக்கொண்டிருந்தார். முட்டை தட்டின் ஓரத்தில் இருந்தது. அவருக்கு அந்த இடம் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. நான் என் கரண்டியால் அதை அவர் விரல் பக்கம் தள்ளிவிட்டு, கடைப் பையனைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் எடுத்துச் சாப்பிட்டார்.

காரை எடுக்கப் போன அன்று வேலை முடியவில்லை. கேலிப்பர் இரண்டையும் மாட்டியாகிவிட்டது. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருவர் காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை அமுக்க வேண்டும். மணியத்தின் ஆள் அன்று வரவில்லை. நான் கதவைத் திறக்கப் போனேன். அத்தான் என்னைத் தாண்டிப் போய், "நான் உக்கார்றேன். இதுக்குக் கண்ணு எதுக்கு" என்றார்.

உன் இருக்கையை நான் நகர்த்தியதே இல்லை. நீயும் நானும் ஒரே உயரம். அவருடைய நீளக் கால்கள் ஸ்டீரிங்கில் முட்டின. முனகிக்கொண்டே கால்களை ஒடுக்கி உட்கார்ந்தார்.

"நாலஞ்சு தடவ அமுக்குங்க சார்" என்றான் மணியம் சக்கரத்தடியிலிருந்து. "இப்ப பிடிச்சுக்கங்க. விடாதீங்க."

பிஸ்டன் பக்கம் மாட்டிய சின்னக் குழாய் வழியாகக் கறுத்த எண்ணெய் குமிழி குமிழியாக ஒரு போத்தலில் இறங்கியது. அத்தானின் கால் தரைவரை போனது. "விடாதீங்க சார்." "விடல." "சரி, இப்ப விடுங்க." இப்படியே போய்க்கொண்டிருந்தது. அவர் ஒரு தடவைகூடத் தவறவில்லை. வேர்வை வழிய, எங்கோ நேராகப் பார்த்தபடி, சொன்னதைச் சொன்னபடி செய்தார்.

மணியம் அடுத்த பக்கத்துக்குச் சாமான்களை எடுத்துக்கொண்டு போனான். நான் கதவோரம் நின்றிருந்தேன். அத்தான் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"நீ போகும்போது இத எடுத்துட்டுப் போயிடு."

"எத?"

"கார. அங்க எஸ்டேட் ரோடு. லாரி நிறைய. பஸ்ஸும் சரியா இல்ல. உனக்கு வண்டி வேணும்."

"உங்களுக்கு ஆஸ்பத்திரிக்கு?"

"டாக்சி இருக்குல்ல." கொஞ்ச நேரம் ஸ்டீரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "பழச போட்டு உன்ன எப்படி அனுப்புறது? பிரேக்கு பாரு. நாளைக்கு மேல போய் அவளப் பாக்கும்போது கேப்பா இல்ல, என் தம்பிய எந்த வண்டியில அனுப்புனீங்கன்னு."

 நல்லவேளையாக மணியம், "அமுக்குங்க சார்" என்று குரல் கொடுத்தான். அவர் அமுக்க ஆரம்பித்தார். நான் போய்ப் பட்டறைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கடைசியில் பிரேக் இறுகிவிட்டது. மணியமும் நானும் தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். மிதித்த இடத்தில் நேராக நின்றது. முதல் சில நாள் அழுத்திப் பிடிக்க வேண்டாம், மெதுவாகவே ஓட்டுங்கள் என்றான். மெதுவாக ஓட்டும்படி என்னிடம் யாரும் சொல்லத் தேவையில்லை.

உன் திருப்பலி நல்லபடியாக நடந்தது. மாதா கோயிலில் முன்வரிசையில் நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். சாமியார் உன் பெயரைச் சொன்னபோது அத்தான் கைக்குட்டையைத் தேடினார். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று சாயந்தரம் சிநேகிதன் போன் செய்தான். எப்போது வருகிறாய், அறையைக் கழுவி வைத்திருக்கிறேன் என்றான். நான் வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டான். பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அத்தானிடமும் போய்ச் சொன்னேன்.

"சுங்கை பாக்காப் போகல அத்தான்."

அவர் வானொலியைக் குறைத்தார். "எனக்காகவா? எனக்காக வேணாம்."

"உங்களுக்காக இல்ல. அலுப்பா இருக்கு. பெட்டி கட்டணும், ஏத்தணும், இறக்கணும். யாரால முடியும்."

"ம்" என்றார். இந்த "ம்" வேறு. கொஞ்சம் பொறுத்து, "அப்ப அரிசி வாங்கணும். பொட்டலச் சோறு எனக்கு ஒத்துக்கல" என்றார்.

அரிசி வாங்கினோம். நான் வடிக்கிற சோறு குழைகிறது என்று தினமும் குறை சொல்கிறார். நீங்களே வடியுங்கள் என்கிறேன். எங்களுக்குள் பெரிய பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது, இரண்டு பேருக்கும் நீ இல்லை. ஆனால் எதைச் சொல்வதானாலும் நேராகச் சொல்லிக்கொள்கிறோம். அதுவே காதுக்குப் புதிதாக இருக்கிறது.

படுக்கப்போகும் முன் அவருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவது என் வேலை. தானே விட்டுக்கொள்ளப் பார்த்து முகமெல்லாம் வழிய விட்டுக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் போத்தலை வாங்கிக்கொண்டேன். நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்காருவார். இமையை விரலால் தூக்கிப் பிடித்து விட வேண்டும். அசையாமல் மேலே பார்த்துக்கொண்டிருப்பார்.

நேற்று விட்டு முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். நான் போத்தலை மூடிக்கொண்டிருந்தேன்.

"அவ கையும் இப்படித்தான் இருக்கும்" என்றார். "எந்நேரமும் ஜில்லுன்னு."

நான் விளக்கை அணைக்காமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா. அது நம் அம்மாவின் கை. உனக்கும் எனக்கும் அந்த ஒரே கைதான்.