எஞ்சினுக்கும் ஒரு பங்கு

குருநகர்,
யாழ்ப்பாணம்.
23.03.1995

அன்புள்ள மகன் சிமியோனுக்கும் மருமகள் இராசாத்திக்கும்,

மாதாவின் துணையால் நானும் உன் தங்கச்சி யோசப்பினும் சுகமாக இருக்கிறோம். உன் அப்புவும் சுகம்தான், சுகமில்லை என்பதை என் மனுசன் தன் வாயால் ஒத்துக்கொண்டால் அல்லவா நான் வேறு மாதிரி எழுதலாம். மருமகளுக்கு மாதம் ஏறிக்கொண்டிருக்கிற நேரம், அங்கே கனடாவில் குளிர் குறைந்துவிட்டதா, அவளுக்குச் சாப்பாடு வயிற்றில் தங்குகிறதா என்பதுதான் எனக்கு எந்த நேரமும் யோசனை. நீ தை மாதம் போட்ட கடிதம் கொழும்பெல்லாம் சுற்றிவிட்டு மாசிக் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. உறை தடித்திருந்ததால் தபால்காரர் அதைக் கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, என்ன லூர்த்தம்மா, மகன் வீட்டு உறுதிப் பத்திரம் ஏதும் அனுப்பியிருக்கிறானோ என்று கேட்டார். பிரித்தால் உள்ளே மூன்று காரின் படங்கள், பளபளவென்ற கடதாசியில். அப்பு சாரத்தில் கையைத் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டார்.

நீ கேட்டது இரண்டு கேள்வி. இந்த மூன்றில் எது நல்லது என்பது ஒன்று. விலைக்கு வாங்குவதா, லீசுக்கு எடுப்பதா என்பது மற்றது. அந்த இரண்டாவது கேள்விக்குக் கீழே நீ எழுதியிருந்ததை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். லீசுக்கு எடுத்தால் மூன்று வருடத்தில் கொம்பனியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வரலாம், வாங்கினால் இங்கேயே இருந்துவிடுவேன் போலிருக்கிறது, அங்கே சமாதானப் பேச்சுவார்த்தை நடக்கிறதாம், நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். மகன் காரைப் பற்றிக் கேட்டிருக்கிறான் என்றுதான் ஊருக்குச் சொன்னோம். ஆனால் நீ ஊருக்கு வருவதா விடுவதா என்பதைத்தான் எங்களிடம் கேட்டிருக்கிறாய் என்பது எனக்கும் விளங்கியது, அப்புவுக்கும் விளங்கியது. பதில் எழுத இவ்வளவு நாள் சென்றது அதனால்தான், குறை நினைக்காதே.

முதலில் படங்களைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு கதவு மட்டும் உள்ள அந்தச் சிவப்புக் காரில்தான் உனக்குக் கண் என்று தெரியும், அந்தக் கடதாசியின் மூலைதான் கசங்கியிருக்கிறது. நின்ற இடத்திலிருந்து எட்டுச் செக்கனில் நூறு கிலோமீற்றர் வேகம் எடுக்குமாம், யோசப்பின் வாசித்துச் சொன்னாள். எட்டுச் செக்கனில் அப்படி எங்கே போகப்போகிறாய் ராசா, வேலைக்குப் பிந்தி எழும்பிவிட்டு அந்த நேரத்தைத் தெருவில் பிடிக்கப் பார்க்கிறாயோ. இரண்டாவது அந்த நீட்டு அமெரிக்கக் கார், பெரிய எஞ்சின், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நல்ல எடுப்பாக இருக்கும், ஆனால் எண்ணெய் கூடக் குடிக்கும் என்று நீயே பக்கத்தில் எழுதியிருக்கிறாய். மூன்றாவது சாம்பல் நிற யப்பான் கார், நாலு கதவு, பார்வைக்கு ஒரு விசேசமும் இல்லை. அச்சுவேலியிலிருந்து சம்பந்தியம்மா வந்திருந்தபோது காட்டினேன், எதுவென்றாலும் வெள்ளை நிறத்தில் எடுக்கச் சொல்லுங்கோ என்பதோடு அவர் முடித்துவிட்டார். பிறகு அப்பு படங்களைக் கொண்டுபோய்க் கிறிஸ்துநாயகம் அண்ணையிடம் கொடுத்தார். உனக்கு அவரை ஞாபகம் இருக்கும், பழைய ஒஸ்ரின் காரை வாடகைக்கு ஓட்டுகிறவர். தடையால் பெற்றோல் இல்லாத இந்த வருடங்கள் முழுக்க அதை மண்ணெண்ணெயில்தான் ஓட்டினார். காலையில் ஊசி மருந்து ஏற்றுகிற சிறிஞ்சியால் சொட்டுப் பெற்றோல் ஊற்றி எழுப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார், தெருவெல்லாம் கறுப்புப் புகை, பின்னால் சைக்கிளில் போனவர்கள் வீட்டுக்குப் போய் முகம் கழுவ வேண்டும். அவரும் அந்தச் சிவப்புக் காரைத்தான் நெடுநேரம் ஆசையாகப் பார்த்தாராம். பார்த்துவிட்டு, 'வேகம் எல்லாக் காரிலையும் கிடக்கு, காலமை ஒரு திருப்பிலை எழும்புற குணம் கொஞ்சத்திலைதான் கிடக்கு, அங்கத்தைய பனிக்கு அதைத்தான் பாக்கச் சொல்லு' என்றாராம். அதோடு, உதிரிச் சாமான் எந்தக் கடையிலும் கிடைக்குமா, திருத்துகிறவன் கிட்டடியில் இருக்கிறானா என்று பார்க்க வேண்டும், விற்கிறவனைக் கேட்காமல் அதே காரை ஐந்தாறு வருடம் ஓட்டினவர்களைத் தேடிக் கேட்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் உன்னோடு வேலை செய்கிற மூன்று பேர் அந்தச் சாம்பல் நிறக் காரைத்தான் வைத்திருக்கிறார்கள், ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை. அந்தக் கேள்வி அதோடு முடிந்தது.

லீஸ் என்பது அப்புவுக்கு வேறு விதமாக விளங்கிவிட்டது. காரைக் கொம்பனி தரும், நீ ஓட்டுவாய், மாதாமாதம் கொம்பனிக்கு ஒரு தொகை போகும் என்று நான் வாசித்ததும், 'உது எங்கடை எஞ்சின் பங்குதானே' என்று சிரித்தார். நீ கடலுக்குப் போன காலத்தில் இருந்த முறைதான் இப்போதும், மீன் விற்ற காசில் எண்ணெய்ச் செலவைக் கழித்துவிட்டு வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, போன ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு. எஞ்சின் இன்னொருவருடையது என்றால் அதன் பங்கு அவருக்குப் போகும். மீன் படாத நாளில் அவருக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை, கடல் தராததை அவர் கேட்கமாட்டார். அப்பு அதையே பிடித்துக்கொண்டு, 'கார் ஓடாத நாளுக்கு என்ன பங்கு, எடுக்கச் சொல்லி எழுதும், கனடாக்காரன் நல்லவன்' என்றார். அதோடு நின்றாரா, கரைக்குப் போய், கனடாவில் கொம்பனிக்காரன் பங்குக்குக் கார் கொடுக்கிறான், பனி கொட்டிக் கார் வீட்டில் நின்றால் காசு கேட்கமாட்டான், வேலை போனாலும் கேட்கமாட்டான் என்று கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அடுத்த நாள் அவரோடு தொழிலுக்குப் போகிற பிலிப்பு வந்து, 'அக்கா, அந்தக் கொம்பனி இஞ்சை எஞ்சினும் அனுப்புமோ எண்டு தம்பியைக் கேட்டு எழுதுங்கோ' என்று கேட்டான். யோசப்பின்தான் படங்களோடு நீ வைத்திருந்த லீஸ் கடதாசியைச் சிமிலி விளக்கில் பிடித்துச் சின்ன எழுத்தையெல்லாம் வாசித்தாள். ஓடினாலும் நின்றாலும் மாதம் பிறந்தால் கட்ட வேண்டும். வேலை போனாலும் கட்ட வேண்டும். குறித்த தூரத்துக்கு மேல் ஓடினால் கூடக் கட்ட வேண்டும், கீறல் விழுந்தால் அதற்கும் வேறாக. எல்லாம் கட்டி முடிந்த பிறகும் கார் அவனுடையது. அப்பு அந்தக் கடதாசியை வாங்கி மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு 'அப்ப அவன் பங்காளி இல்லை' என்று மட்டும் சொன்னார். கரைக்குப் போய்த் திருத்திச் சொல்ல அவருக்கு வெட்கம், ஆகவே குருநகர் இன்னும் அந்தக் கொம்பனியைப் புகழ்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இவ்வளவும் விளங்கிய பிறகும் நான் லீசுக்கு எடு என்றுதான் உனக்கு முதலில் எழுதினேன். ஏன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கொம்பனி எவ்வளவு பிடுங்கினாலும் பிடுங்கட்டும், மூன்று வருடத்தில் கார்த் திறப்பைக் கொடுத்துவிட்டு என் பிள்ளை வந்து வாசலில் நிற்பான் என்று நினைத்தேன். சண்டை நின்றிருக்கிறது, கடலுக்கும் கொஞ்சத் தூரம் விடுகிறார்கள், மண்ணெண்ணெய் விலை இறங்கியிருக்கிறது, கடைகளில் குளிக்க நல்ல சவர்க்காரம்கூடக் கிடைக்கிறது, இனி என்ன குறை என்றுதான் மனது சொன்னது. கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி மன்றாடினேன். மகன் காரை லீசுக்கு எடுக்க வேண்டும் என்று மாதாவிடம் நேர்ந்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடிதத்தை முடித்து உறையிலும் போட்டுவிட்டேன்.

அப்பு அதை அனுப்ப முன்னம் வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, 'இஞ்சேரும், இரவல் எஞ்சினை ஆரும் நல்ல தண்ணியிலை கழுவினதைக் கண்டிருக்கிறீரோ' என்றார். உனக்குத் தெரியும், சொந்த எஞ்சின் என்றால் கடலால் வந்ததும் உப்புப் போக நல்ல தண்ணீரில் ஓட்டி, துடைத்து, எண்ணெய் பூசி, சாக்கால் மூடித்தான் வைப்பார்கள். திருப்பிக் கொடுக்கிறது என்றால் கரையில் சாய்த்துவிட்டுப் போய்விடுவார்கள், அது கெட்ட எண்ணத்தால் அல்ல, நாளைக்குப் போகிறதுதானே என்ற நினைப்பு. 'உவன் அங்கை ஆறு வரியமா அப்பிடித்தான் சீவிக்கிறான்' என்றார். எனக்குக் கோபம் வந்து, பிள்ளையைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று சத்தம் போட்டேன். பிறகு நீ மார்கழியில் நத்தார்த் திருநாளுக்கு அனுப்பிய படங்களை எடுத்துப் பார்த்தேன். மெத்தை நிலத்தில் கிடக்கிறது, கட்டில் இல்லை. உடுப்புகள் சூட்கேசுக்குள்ளேயே இருக்கின்றன, விமானத்தில் கட்டிவிட்ட துண்டுகூட இன்னும் கைபிடியில் தொங்குகிறது. நாளைக்குக் காலையில் வெளிக்கிடப் போகிறவர்களின் அறை அது. முதல் தரம் பார்த்தபோது, பிள்ளை எங்களை மறக்கவில்லை என்று நான் சந்தோசப்பட்டேன். இப்போது பார்த்துவிட்டு அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இராசாத்தி உன் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை நீ பார்த்தாயோ தெரியாது. வேலை முடிந்து பஸ்சுக்கு நிற்கும்போது கால் விறைத்துப் போகுது மாமி, வயிறும் பாரமாகிவிட்டது, எந்தக் கார் என்றாலும் சரி, கெதியாய் ஒரு முடிவு சொல்லுங்கோ என்று எழுதியிருந்தாள். அப்போது ஆறாம் மாதம், இப்போது எட்டு நடக்கும். நாங்கள் இங்கே யோசித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அந்தப் பிள்ளை பனிக்குள் நின்றிருக்கிறாள். நான் மன்றாடியதும் அவளை இன்னும் மூன்று வருடம் அந்தச் சூட்கேசோடு வைத்திருக்கத்தான் என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது. அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆகவே காரை வாங்கு, மகன். அந்தச் சாம்பல் நிறக் காரையே வாங்கு. வங்கிக் கடனில் எடுத்தாலும் கட்டி முடிய அது உன்னுடையது, கீறல் விழுந்தால் உன் கீறல், ஒருவரும் வந்து அளந்து பார்க்கமாட்டார்கள். இங்கே சமாதானம் நிலைத்தால் விற்றுவிட்டு வா, சொந்தக் காரை விற்க ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. நிலைக்காவிட்டால் உங்களுக்கு ஒரு கார் இருக்கும். எது நடக்கும் என்று எனக்கும் தெரியாது, பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்களுக்கும் தெரியாது. கட்டிலும் ஒன்று வாங்கு. அலுமாரியும் வாங்கி உடுப்பை அதற்குள் அடுக்கு, சூட்கேசைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடு.

இன்னொன்று இருக்கிறது, அப்பு எழுத வேண்டாம் என்றார், நான் எழுதுகிறேன். கடலுக்குப் போக விட்ட நாள் முதல் அவரும் பிலிப்புவும் இரண்டு பேராகத்தான் தொழிலுக்குப் போனார்கள். மூன்றாவது ஆளின் இடத்தை உனக்கென்று வைத்திருந்தார். ஆர் வந்து கேட்டாலும் 'எனக்கு ஆள் இருக்கு' என்பார். இரண்டு பேர் மூன்று பேரின் வலையை இழுத்து அவருக்கு இடுப்பு நாரி விட்டுப்போய், நித்திரையில் முனகுவார். இந்தத் திங்கட்கிழமை பிலிப்புவின் மருமகனை ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்து முற்றத்தில் வைத்துப் பங்கு பிரித்தபோது ஆளுக்கொன்றாக மூன்று பங்கு வைத்தார், அந்தப் பெடியன் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போனான். எனக்குப் பார்க்க முடியாமல் குசினிக்குள் போய்விட்டேன். ஆனால் அன்றைக்கு மனுசன் முனகாமல் நித்திரை கொண்டார், அதையும் உனக்குச் சொல்ல வேண்டும். உன் இடத்தை வைத்துக்கொண்டு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்து இனி ஒன்றையும் பிற்போடாதே.

கொழும்புக்குப் போகிற மரியரட்ணம் ரீச்சர் நாளைக்கு வெளிக்கிடுகிறார், இதை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். காரை எடுத்ததும் கோயில் சுவாமியைக் கொண்டு மந்திரித்துக்கொள், பனியில் மெதுவாக ஓட்டு, இராசாத்தியை வேலை முடிய நேரத்துக்குப் போய் ஏற்று. பிறக்கப் போகிற பிள்ளையையும் உங்களையும் மாதா தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றுவா, என்னுடையதும் அப்புவுடையதும் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, தங்கச்சி இருவருக்கும் அன்பு சொல்லச் சொன்னாள். கார் வந்ததும் படம் எடுத்து அனுப்ப மறக்காதே. முன்னொருமுறை ஆருடையதோ காரில் சாய்ந்துகொண்டு நின்று எடுத்து அனுப்பினாய், அப்படி வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் உள்ளே ஏறி இருந்து, கதவைச் சாத்திவிட்டு எடுங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா
கி. லூர்த்தம்மா